ஹெல்டைவர்ஸ் 2: கூட்டாளியின் குண்டுக்குப் பலியாவது இந்த கேமின் குறையா, இயல்பா?

விண்ணோடி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. 2024 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5-க்கும் பிசிக்கும் வெளியான, நான்கு பேர் வரை அணியாகச் சேர்ந்து வேற்றுக்கோள்களில் எதிரிகளோடு போரிடும் ஷூட்டர் கேமான ஹெல்டைவர்ஸ் 2, 2025 ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த பிறகுதான் என் கைக்கு எட்டியது. உங்களில் பலருக்குப் பழகிப்போன இந்த கேம் எனக்குப் புத்தம் புதியது. தனியாக உட்கார்ந்து கதையை நகர்த்திச் செல்லும் ஷூட்டர்களையே இதுவரை விளையாடி வந்தவன் என்பதால், கீழே எழுதுவதில் அந்தச் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

விண்கலத்திலிருந்து ஓர் இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டுக் கோளின் தரையில் பாய்ந்து இறங்கும் அந்தச் சில நொடிகள் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. துப்பாக்கியைக் கையில் பிடித்தால் அதன் எடை தெரிகிறது. நின்று சுடும்போது சிதறும் குறி, மண்டியிட்டால் கொஞ்சம் அடங்குகிறது, தரையோடு படுத்துவிட்டால் ஏறக்குறைய நிலைத்துவிடுகிறது. மேகசினில் பாதித் தோட்டா மிச்சம் இருக்கும்போதே பழக்கதோஷத்தில் ரீலோட் செய்தால், அந்த மிச்சம் மேகசினோடு சேர்ந்து போய்விடுகிறது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டு விஷயங்கள்தான் உறுத்துகின்றன. முதலாவது, கதை என்று எதுவும் என் கண்ணில் படவில்லை. மிஷன், மிஷன், மீண்டும் மிஷன். இரண்டாவது, பல சமயங்களில் என்னைக் கொல்வது எதிரி அல்ல, என் அணியைச் சேர்ந்தவர்களே. ஒருவர் அழைத்த வான்தாக்குதல் என் தலையில் விழுகிறது. இன்னொருவர் நிறுவிய தானியங்கித் துப்பாக்கி, எனக்குப் பின்னால் வரும் எதிரிப் பூச்சியைக் குறிவைத்து என்னையும் சேர்த்துத் துளைக்கிறது. இதை நிறுத்திவைக்க செட்டிங்ஸில் வழியே இல்லை. இது வேண்டுமென்றே செய்யப்பட்டதா? இதைத் தவிர்த்துத் தனியாகவே விளையாடலாமா?

செவ்வாய்க்கிழான்

வேண்டுமென்றே செய்யப்பட்டதுதான். ஸ்டாக்ஹோமில் இயங்கும் ஏரோஹெட் கேம் ஸ்டுடியோஸின் பழைய கேம்களைப் பார்த்தாலே இது விளங்கும். 2011-இல் அவர்கள் வெளியிட்ட மேஜிக்காவில், நீர், நெருப்பு முதலிய கூறுகளைப் பொத்தான்களால் அடுத்தடுத்துச் சேர்த்துத்தான் மந்திரம் ஏவ வேண்டும். ஏவிய மந்திரம் எதிரியையும் எரிக்கும், பக்கத்தில் நிற்கும் நண்பனையும் எரிக்கும். 2015-இல் வந்த முதல் ஹெல்டைவர்ஸ் மேலிருந்து பார்க்கும் கோணத்தில் அமைந்தது. அங்கும் இதே விதிதான். இரண்டாம் பாகம் அதே விதியை வீரனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறது, அவ்வளவே.

ஸ்ட்ராட்டஜம், அதாவது விண்கலத்திலிருந்து வரும் உதவியையோ தாக்குதலையோ அழைக்கும் முறையைக் கவனியுங்கள். செத்தவரைத் திரும்ப இறக்க மேல், கீழ், வலம், இடம், மேல் என்று அழுத்த வேண்டும். தோட்டாப் பெட்டிக்குக் கீழ், கீழ், மேல், வலம். அழுத்தி முடிக்கும்வரை நீங்கள் சுட முடியாது. பிறகு கையில் வரும் உருண்டையை எறிய வேண்டும். எறிவதற்குள் ஒரு பூச்சி உங்களை முட்டித் தள்ளினால் உருண்டை உங்கள் காலடியிலேயே விழுந்து, 500 கிலோ வெடிகுண்டு நீங்கள் நிற்கும் இடத்துக்கே வரும். அதாவது வலிமையான எந்தக் கருவியையும் இந்த கேம் நேரத்தையும் இடத்தையும் விலையாக வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறது. கூட்டாளிக்கு அடிபடாது என்று ஆக்கிவிட்டால் அந்த விலை போய்விடும். நால்வரும் தங்கள் காலடியிலேயே குண்டு மழை பொழிந்துகொண்டு நடந்து போய்விடுவார்கள். நான்கு பேர் அணிக்கு மொத்தம் 20 மறுவருகைகள் என்ற பொதுக்கணக்கு வேறு இருப்பதால், ஒருவருடைய கவனக்குறைவு எல்லோருடைய பையிலிருந்தும் கழிகிறது.

இதன் மறுபக்கத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். ஆட்டோகேனன் என்ற கனரகத் துப்பாக்கியைத் தனியாக வைத்திருப்பவர் நகராமல் நின்றுதான் ரீலோட் செய்ய வேண்டும். தோட்டாப் பையை முதுகில் சுமந்து ஒரு கூட்டாளி பக்கத்தில் நின்றுவிட்டாலோ, அவர் ஊட்ட ஊட்ட இவர் சுட்டுக்கொண்டே இருக்கலாம். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. செய்யும் இருவர் அமைந்துவிட்டால் ஒரு கணவாயையே அடைத்துவிடுவார்கள்.

உடனே பயன்படக்கூடிய யோசனை: தரையில் செந்நிற ஒளிக்கம்பம் எழுந்தால் அது தாக்குதல், நீலம் என்றால் பெட்டியோ ஆயுதமோ வருகிறது. சிவப்பைக் கண்டால் எதிரியை மறந்துவிட்டு ஓடுங்கள். பின்னால் தானியங்கித் துப்பாக்கி சுடத் தொடங்கினால் ஓடாதீர்கள், படுத்துவிடுங்கள். தோட்டாக்கள் மேலே பறந்துவிடும். பத்துக் கடினநிலைகளில் தொடக்க நிலைகளைத் தனியாகவும் முடிக்கலாம். ஆனால் ஆளில்லாத மேப்பில் பெட்டி பொறுக்குவதற்காகவா இந்த கேமை வாங்கினீர்கள்?

கருந்துளை

கதை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. இடைக்காட்சிகளில் தேடினால் கிடைக்காது; விண்கலத்தில் இருக்கும் அந்த வான்வெளி மேப்பில்தான் அது நடந்துகொண்டிருக்கிறது. எல்லா வீரர்களின் வெற்றி தோல்விகளும் ஒரே போர்க்கணக்கில் சேர்கின்றன. 2024-இன் தொடக்கத்தில் மாலவெலன் கிரீக் என்ற காட்டுக்கோளில், நீலப் பனிமூட்டத்துக்குள்ளிருந்து சிவப்பு லேசர் பறந்துவர, எதிரிகளில் இன்னொரு வகையான ரோபோக்களிடம் தோற்றுத் தோற்று மடிந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் கோள் ஏப்ரலில் மீட்கப்பட்டபோது, அதன் நினைவாக ஒரு மேலங்கியையே வெளியிட்டார்கள். அடுத்த மாதம், ஒரு கோளை மீட்டால் புதிய கண்ணிவெடி கிடைக்கும், மற்றொன்றை மீட்டால் நோயுற்ற குழந்தைகள் பிழைப்பார்கள் என்று கேமுக்குள் எல்லா வீரர்களுக்கும் ஓர் ஆணை வந்தது. வீரர்கள் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் கண்ட ஏரோஹெட், சேவ் தி சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்புக்கு உண்மையாகவே நன்கொடை அளித்தது.

2025 மே மாதம் இல்லுமினேட் என்ற வேற்றுலகப் படை, நம் வீரர்களின் தாய்க்கோளான சூப்பர் எர்த்துக்கே வந்து இறங்கியபோது, ஷாங்காய் இருக்கும் இடத்தில் அமைந்த நகரத்தைச் சீன வீரர்கள் விட்டுக்கொடுக்காமல் காத்து நின்றது தனிக்கதை. இன்னொன்றையும் கவனித்தீர்களா? நாம் கொல்லும் பூச்சிகளின் உடலிலிருந்து சூப்பர் எர்த் எரிபொருள் எடுக்கிறது. அதற்காகவே அவற்றை வளர்த்தும் வந்தது. விடுதலை, மக்களாட்சி என்று ஒலிபெருக்கி முழங்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டு கேளுங்கள். கேலி முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பழைய பிசிக்காரன்

மேலே இருவரும் எழுதியதைப் படித்தால் குறையே இல்லாத கேம் என்று தோன்றும். வெளியான புதிதில் ஒரே நேரத்தில் 4,50,000 பேர் என்ற சர்வர் வரம்பு நிரம்பி, காசு கொடுத்து வாங்கியவர்கள் வாசலில் காத்துக் கிடந்ததை மறக்க வேண்டாம். ஒரு துப்பாக்கியை எல்லோரும் விரும்பினால் அடுத்த அப்டேட்டில் அதன் பல்லைப் பிடுங்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ரெயில்கன்னுக்கு அது நடந்தது. 2024 ஆகஸ்டில் ஃபிளேம்த்ரோவருக்கும் நடந்து, எதிர்ப்பு வெடித்த பிறகே 60 நாள் சீரமைப்புத் திட்டத்தை அறிவித்து, செப்டம்பரில் ஆயுதங்களுக்கு வலுவைத் திருப்பித் தந்தார்கள். பிசியில் இந்த கேமின் அளவு கன்சோலைப்போல் சில மடங்காக, 150 ஜிபியளவுக்கு வீங்கிக் கிடந்தது; பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்காக ஒரே கோப்பைப் பல இடங்களில் பதித்ததே காரணம். 2025 டிசம்பரில்தான் 23 ஜிபியளவுக்குச் சுருக்கிய பதிப்பைக் கொடுத்தார்கள்.

ஆனாலும் பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு. இதன் வார்பாண்டுகள், அதாவது புதிய ஆயுதங்களும் கவசங்களும் அடங்கிய தொகுப்புகள், காலாவதி ஆவதில்லை. அவற்றை வாங்கத் தேவையான சூப்பர் கிரெடிட்டுகள் என்ற கேம் நாணயங்களை மிஷன்களிலேயே பொறுக்கிச் சேர்க்கலாம். இன்று விளையாடாவிட்டால் போய்விடும் என்று மிரட்டாத ஆன்லைன் கேம்கள் எத்தனை இருக்கின்றன?

விண்ணோடி

மிக்க நன்றி. படுத்துக்கொள்ளும் யோசனையை நேற்றிரவே செய்து பார்த்தேன், பலன் தெரிந்தது. இனி ரோபோக்களின் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே ஹல்க் என்ற பெரிய இயந்திரத்தின் முன்பக்கத்தில் எவ்வளவு சுட்டாலும் அது அசைய மறுக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

செவ்வாய்க்கிழான்

முகத்தில் ஒளிரும் சிவப்புக் கண்தான் முன்புறத்தில் அதன் பலவீனம். ஆட்டோகேனனால் அங்கே குறிதவறாமல் அடிக்க வேண்டும். சாதாரணத் துப்பாக்கியே கையில் இருந்தால், ஒருவர் முன்னால் நின்று அதன் கவனத்தை ஈர்க்கட்டும், மற்றவர் பின்னால் சுற்றிப்போய் முதுகில் ஒளிரும் வெப்பத் துவாரத்தைச் சுடட்டும். முன்னால் நிற்பவர் பின்னால் இருப்பவரின் குண்டுப் பாதைக்குள் வந்துவிடாமல் விலகி ஓட வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.