30-க்கு 28 வாங்கினார் அப்பா

பாம்பனிலிருந்து:

அப்பாவுக்கு அப்போது 57 வயது. நாட்டுப்படகு வைத்திருந்தவர். தென்கடலுக்கு இன்றைக்குப் போகலாமா, காற்று எப்போது திரும்பும் என்று கரையில் எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள். அப்படிப்பட்டவர், யார் கூடை என்றுகூடப் பார்க்காமல் நண்டை அள்ளி வர ஆரம்பித்தார். வீட்டில் கருப்பட்டியை ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று. பெரிய அத்தை இறந்த அன்று, தூக்கப் போகும் நேரத்தில், "டீ போடலையா?" என்று கேட்டார். அவரை வளர்த்ததே அந்த அத்தைதான்.

முதலில் காட்டிய இடத்தில், ஞாபகத்தைப் பார்க்கிற எம்.எம்.எஸ்.இ. சோதனை. தேதி, ஊர், மூன்று வார்த்தை என்று கேட்டு 30-க்கு 28 போட்டார்கள். மறதி இல்லை, போகலாம் என்றார்கள். அந்த 28-ஐ நம்பி ஒன்றரை வருடம் அவரோடு சண்டை போட்டோம். அப்பாவுக்கு வந்திருந்தது மூளையின் முன்பகுதி தேய்ந்து, நடத்தையே மாறிப்போகிற நோய். அது ஆரம்பத்தில் அந்தச் சோதனையில் சிக்காமலே போகலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மதுரையில் நரம்பியல் டாக்டர், மூளையின் முன்பகுதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற எஃப்.ஏ.பி. சோதனையை வைத்துப் பார்த்தார். ஆறு பகுதி, 18 மதிப்பெண். மேசைமேல் மூடிய முஷ்டி, கைவிளிம்பு, உள்ளங்கை என்று வரிசையாக வைக்கச் சொன்னார். அப்பா முஷ்டியாலேயே மூன்று தரம் குத்தினார். வலை பின்னிய கை அது. "நான் ஒரு தட்டு தட்டினால் நீங்கள் ரெண்டு தட்டுங்கள்" என்றதற்கும் ஒரே தட்டுதான். 18-க்கு 9. ஆனால் படிப்பு குறைவு என்றாலும் இதில் மார்க் குறையும், அப்பா ஐந்தாம் வகுப்புதான், இதை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர்.

அடுத்தது அம்மாவிடம், எஃப்.பி.ஐ. என்கிற கேள்விப் பட்டியல். நோயாளியின் நடத்தை எப்படி மாறியிருக்கிறது என்று கூட இருப்பவரிடம் கேட்பது அது. 24 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. அப்பா பக்கத்தில் இருந்தவரை அம்மா எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்காக" என்றார். அப்பாவை என்னோடு வெளியே அனுப்பினார் டாக்டர். திரும்பி உள்ளே போனபோது அம்மாவின் முந்தானை நனைந்திருந்தது. தாளில் 41. 27-ஐத் தொட்டாலே சந்தேகப்பட வேண்டுமாம். ஸ்கேனிலும் மூளையின் முன்மடல் சுருங்கியிருந்தது.

தயவுசெய்து கூடவே வாழ்கிறவரை அழைத்துப் போங்கள். அவர் தனியாகப் பேச இடம் கேளுங்கள்.

தொண்டியிலிருந்து:

எங்கள் அண்ணனுக்கும் இதே நோய்தான், ஆனால் உங்கள் அப்பாவுக்கு நேர்மாறு. யார் பொருளையும் தொடவில்லை, யாரையும் திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் அவரிடம் துக்கமே இல்லை. மகள் கல்யாணப் பேச்சிலும் முகம் மாறவில்லை. நீங்கள் சொல்லும் அந்த 24 கேள்வியில் முதல் கேள்வியே நாட்டமின்மை பற்றியதுதான். மதினி சொன்னதைக் கேட்டு அதற்கு 3 போட்டார்கள். சோம்பேறித்தனத்துக்குப் போட்ட மார்க் என்றுதான் மதினி நினைத்தாராம். நோய் என்று டாக்டர் விளக்கிய அன்று ஊருக்கு வந்ததும், ஒன்றும் பேசாமல் திண்ணையில் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.