கேபிள் லக் அடிக்கிறதுக்குத் தமிழ்ல என்ன சொல்?

திருப்பாதிரிப்புலியூர்:
எல்லாருக்கும் வணக்கம். ஐடிஐ பசங்களுக்கு கேபிள் பாடக்குறிப்பு எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுத்தாகணும். 240 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் கேபிள் முனையில லக் (போல்ட் போட ஓட்டை இருக்கிற உலோகக் குழல்) மாட்டி ஹைட்ராலிக் டூல்ல அழுத்துறோமே, அந்த கிரிம்பிங்குக்குத் தமிழ் வேணும். பழைய குறிப்புல ‘லக்கை இறுக்கவும்’னு இருக்கு, அதைப் படிச்சுட்டு பையன் ஸ்பேனரைத் தேடுறான்.

முத்தியால்பேட்டை:
லக்குக்கு ‘பூண்’ இருக்கே ஐயா. உலக்கை முனையில போடுறது பூண், கைத்தடிக்குப் போடுறதும் பூண். காண்-காட்டு, உண்-ஊட்டு மாதிரி பூண்-க்குப் பிறவினை பூட்டு. அதனால கிரிம்பிங் ‘பூண்பூட்டல்’. ஏர் பூட்டுறது, பூணூல், சங்கப்பாட்டுல வர்ற பைம்பூண் எல்லாம் ஒரே வேர்தான், இன்னும் சொல்லப்போனா பூட்டை...

நெய்வேலி:
பூட்டைக்கெல்லாம் போகாதீங்க அண்ணே, பூட்டுன்னாலே பையன் சாவி எங்கேம்பான். இங்க பேனல் வேலை பாக்குறவங்க ‘லக் அடி’, ‘பஞ்ச் பண்ணு’ன்னுதான் சொல்றாங்க. லக்னே விட்டுடலாம்.

முத்தியால்பேட்டை:
லகரம் மொழிக்கு முதல்ல வராது தம்பி.

நெய்வேலி:
சரி, இகரம் போட்டு ‘இலக்கு’ன்னு எழுதிடுவோம். ‘கேபிளுக்கு இலக்கு வைக்கவும்’. திருப்தியா?

கடலூர் ஓ.டி.:
‘அடி’ வேணாம், சுத்தியலால அடிக்கிறவனையும் பாத்திருக்கேன், லக் நசுங்கும் உள்ள கம்பி லூசாவே கெடக்கும். நடக்குறது என்னன்னு பாருங்க, டூல்ல இருக்கிற அறுகோண டை, அதாவது அச்சு, ஆறு பக்கமும் ஒரே மாதிரி அழுத்துறதுல உள்ள இருக்கிற கம்பிங்க உருண்டை வடிவம் போயி ஒண்ணோட ஒண்ணு இடைவெளி இல்லாம ஒட்டிக்குது, இடைவெளி விட்டா மின்தடை ஏறி அங்க சூடாகும், அலுமினியம்னா காத்து பட்ட உடனே ஆக்சைடு படலம் வேற வந்துடும், அதான் பிரஷ் போட்டுத் தேய்ச்சு பேஸ்ட் தடவிட்டு அழுத்துறோம். கூட்ட நெரிசல்ல ஆளுங்க ஒட்டிக்கிற மாதிரிதான். அதனால ‘நெரித்தல்’. அப்புறம் காப்பர் பஸ்பார்ல (பேனல்ல மின்சாரம் போற பட்டை) மாட்டுறதா இருந்தா ஒரு பக்கம் அலுமினியம், ஒரு பக்கம் காப்பர்னு இருக்கிற பைமெட்டல் லக்குதான் போடணும்னு குறிப்புல எழுதுங்க, நம்மூர் உப்புக்காத்துல அலுமினியமும் காப்பரும் நேரா சேந்தா அலுமினியம் அரிச்சுப்போகும்.

வில்லியனூர்:
நெரித்தல்னா கழுத்துதான் ஞாபகம் வருது சார். அதுவும் பாதுகாப்புப் பாடத்துக்குப் பக்கத்துல.

முத்தியால்பேட்டை:
நெரு, நெருங்கு, நெருக்கு, நெரி... வேர் சரியாத்தான் இருக்கு. நெருஞ்சியும் இதுல வருமான்னு பாக்கணும்.

நெய்வேலி:
பைமெட்டலுக்கு ‘ஈருலோகப் பூண்’னு ஆரம்பிச்சுடாதீங்க.

முத்தியால்பேட்டை:
உலோகம் வடசொல். ‘இருமாழை’.

திருப்பாதிரிப்புலியூர்:
ஐயா, போதும். லக்குக்கு ‘பூண்’, கிரிம்பிங்குக்கு ‘நெரித்தல்’, முதல் தடவை வர்ற இடத்துல லக், கிரிம்பிங்னும் தமிழ் எழுத்துலயே போட்டுடறேன். பைமெட்டல் அப்படியே இருக்கட்டும். மாதிரி வாக்கியம்: ‘போல்ட் ஓட்டைப் பக்கம் தொடங்கி, கேபிள் பக்கமாகப் பூணை நெரித்து வரவும்.’ நாலு பேர் சரின்னுட்டாங்க, மத்தவங்க பதிலே போடல, அதையும் சரின்னே எடுத்துக்கிறேன்.

முத்தியால்பேட்டை:
பூண்பூட்டலை அடிக்குறிப்புலயாவது போடுங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லைன்னு பதிவு பண்ணிக்கிறேன்.

நெய்வேலி:
சார், ப்ரூஃபை மட்டும் நல்லாப் பாருங்க. ‘பூணை’ ‘பூனை’ன்னு விழுந்துச்சுன்னா கேஸ் ஆயிடும்.