உதவி: ஹெச்டிஆர் வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணினா வெளிறிப் போகுது (அவசரம்)

அரிச்சல்முனை_அலை:
தனுஷ்கோடியில விடியக்காலை எடுத்த ஹெச்டிஆர் (அதிக வெளிச்சம், நிழல் ரெண்டையும் விவரத்தோட காட்டுற) வீடியோ. போன்ல பாத்தா சூரியன் கண்ணு கூசுது, நிழல்ல கிடக்கிற வத்தைப் படகு மேல வலையோட முடிச்சு வரைக்கும் தெரியுது. எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் எடுத்தா எல்லாம் சாம்பல் பூத்துப் போகுது. சாயங்காலத்துக்குள்ள யூடியூப்ல ஏத்தணும். யாராச்சும் சொல்லுங்க.

மண்டபம்_கேமரா:
எந்த சாஃப்ட்வேர், எந்த போன், எந்த கோடெக் (வீடியோவைச் சுருக்குற முறை)? ஒண்ணுமே சொல்லலையே தம்பி.

பனைக்குளத்தான்:
மானிட்டர்தான். ஹெச்டிஆர் மானிட்டர் வாங்காம இந்த வேலையில இறங்கவே கூடாது.

தொண்டி_எடிட்டர்:
டாவின்சி ரிசால்வ் எடிட்டரா இருந்தா, இலவசமா, காசு கட்டினதா? 10 பிட் (நிறப் படிகள் அதிகமா இருக்கிற) எக்ஸ்போர்ட்ல அது முக்கியம்.

அரிச்சல்முனை_அலை:
ரிசால்வ் ஸ்டூடியோ, காசு கட்டினது. ஐபோன் 13, விண்டோஸ். எக்ஸ்போர்ட் ஹெச்.264. அதே போன்ல போட்டுப் பாத்தும் வெளிறித்தான் இருக்கு, அதனால மானிட்டர் இல்ல.

பழைய_டெக்:
இங்கே பலமுறை எழுதியாச்சு, தேடிப் படிச்சிட்டுக் கேக்கப் பழகுங்க. ஐபோன் 12-லேர்ந்தே ஹெச்டிஆர்னா 10 பிட் டால்பி விஷன், அடியில ஹெச்எல்ஜிங்கிற ஹெச்டிஆர் வெளிச்ச முறை, நிறம் ரெக் 2020-ங்கிற அகலமான நிற வரம்பு. அதை அப்படியே சாதா டிவிக்கான ரெக் 709 டைம்லைன்ல போட்டா நிறம் செத்துத்தான் போகும். இது அரிச்சுவடி.

மண்டபம்_கேமரா:
அவசரத்துல கேக்குற பிள்ளைகிட்ட அரிச்சுவடி பேசணுமா அண்ணே? தம்பி, ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல கலர் மேனேஜ்மென்ட் போங்க. டாவின்சி ஒய்ஆர்ஜிபி கலர் மேனேஜ்டு வைங்க, ஆட்டோமேட்டிக்கை எடுத்துடுங்க, அவுட்புட் ரெக் 2100 ஹெச்எல்ஜி. டெலிவர்ல ஹெச்.265, ப்ரொஃபைல் மெயின் 10 (10 பிட்டுக்கானது). நிறமும் வெளிச்சமும் எந்த முறைன்னு ஃபைல்ல குறிச்சு வைக்கிற டேக் ரெண்டு: கலர் ஸ்பேஸ் டேக் ரெக் 2020, காமா டேக் ஹெச்எல்ஜி. டேக் விட்டுப்போச்சுன்னா பிளேயர் 709-னு நினைச்சு வெளிறிக் காட்டும். ஏத்துறதுக்கு முன்னாடி மீடியாஇன்ஃபோல (ஃபைல் விவரம் காட்டுற சாஃப்ட்வேர்) திறந்து, டிரான்ஸ்ஃபர்ல ஹெச்எல்ஜி இருக்கான்னு பாருங்க.

கீழக்கரை_லென்ஸ்:
காக்கா, இவ்வளவு பாடு எதுக்கு? கல்யாண வீடியோவை இங்க யாரு ஹெச்டிஆர் டிவியில பாக்குறா? பென்டிரைவ்ல போட்டு வீட்டு டிவியிலதான் ஓட்டுறாங்க. 709-ல கொடுத்தா எங்கயும் ஓடும்.

தொண்டி_எடிட்டர்:
ஹெச்எல்ஜியே அதுக்குத்தானே வந்துச்சு. பிபிசியும் ஜப்பான் என்ஹெச்கேவும் சேர்ந்து, சாதா டிவியிலயும் ஓடணும்னு உருவாக்கினது.

கீழக்கரை_லென்ஸ்:
வெளிச்சம் சரியா வரும், நிறம் வராது. ரெக் 2020 தெரியாத டிவியில பொண்ணோட சிவப்புப் பட்டு மங்கிடும். வீட்டுக்காரங்க பதில் கேக்குறது என்கிட்டதான்.

தொண்டி_எடிட்டர்:
பட்டுக்கு நீங்க சொல்றது சரி. இவரு எடுத்தது சூரிய உதயம். 709-ல சூரியனைச் சுத்தி இருக்கிற மேகம் மொத்தமும் வெள்ளைத் திட்டாயிடும், ஸ்கோப்புல (வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம்) மேல தட்டையா ஒரு கோடுதான் நிக்கும். இதை ஹெச்டிஆர்லதான் கொடுக்கணும்.

பனைக்குளத்தான்:
நான் இன்னும் மானிட்டர்னுதான் சொல்லுவேன்.

அரிச்சல்முனை_அலை:
ஹெச்எல்ஜி, மெயின் 10, டேக். சரியாயிடுச்சு. ஏத்திட்டேன், ஆனா யூடியூப்ல ஹெச்டிஆர்னு காட்டல?

மண்டபம்_கேமரா:
முதல்ல சாதா வடிவம்தான் வரும். ஹெச்டிஆர் தயாராக நேரம் எடுக்கும், அழிச்சிட்டு மறுபடி ஏத்தாதீங்க.

தேவிபட்டினம்_ரீல்ஸ்:
எனக்கும் இதேதான், ஆனா எடிட் பண்றது ப்ரீமியர்ல. எங்க மாத்தணும்?

மண்டபம்_கேமரா:
சீக்வென்ஸ் செட்டிங்ஸ்ல வொர்க்கிங் கலர் ஸ்பேஸ் ரெக் 2100 ஹெச்எல்ஜி. எக்ஸ்போர்ட்ல ஹெச்இவிசி (ஹெச்.265-தான்) மெயின் 10, அங்கயும் ஹெச்எல்ஜி. எந்த வெர்ஷன், எந்த போன்னு சொல்லுங்க.