டிக்கர் நாடா தவறும் இடங்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் டியூஷன் மேசையிலிருந்து

டியூஷன் டீச்சர்:
டிரோலி என்ற சின்னச் சக்கர வண்டி ஓடும்போது, அதில் ஒட்டிய காகித நாடாவில் டிக்கர் டைமர் என்ற கருவி சம நேர இடைவெளியில் புள்ளி குத்தும். படிவம் 4 பிள்ளைகள் பத்துப் புள்ளி எண்ணி நாடாவை வெட்டி, 0.2 வினாடி என்று எழுதிவிடுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 புள்ளி. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே 0.02 வினாடி. பத்துப் புள்ளிக்குள் ஒன்பது இடைவெளிதான், 0.18 வினாடி. பதினோராவது புள்ளியில் வெட்டுங்கள். தொடக்கத்தில் புள்ளிகள் அப்பிக் கிடக்கும் பகுதி வேண்டாம்.

முடுக்கத்தில்தான் பெரிய சறுக்கல். பத்து இடைவெளித் துண்டுகள் ஐந்து இருக்கின்றன, முதலாவது 2.0 செ.மீ., கடைசி 10.0 செ.மீ. என்று வைப்போம். 0.2ஆல் வகுத்தால் திசைவேகம் 10, 50 செ.மீ./வி. ஐந்து துண்டாயிற்றே என்று 1.0 வினாடியால் வகுத்து, முடுக்கம் 40 என்கிறார்கள். சரியான விடை 50 செ.மீ./வி². ஒரு துண்டு காட்டுவது சராசரித் திசைவேகம். முடுக்கம் சீராக இருந்தால், அது அந்த 0.2 வினாடியின் நட்டநடுவில் இருந்த திசைவேகம். முதல் துண்டின் நடுவிலிருந்து கடைசித் துண்டின் நடுவரை 0.8 வினாடிதானே? இந்தக் காரணத்தைச் சொல்லாமல் 'ஒன்றைக் கழி' என்று மனப்பாடம் செய்யவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

ஆய்வக உதவியாளர்:
ஆமாம் டீச்சர், டிரோலி ஓடும் பலகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உராய்வை ஈடுகட்டப் பலகையின் முனையை உயர்த்தும்போதே டிரோலியில் நாடா ஒட்டியிருக்க வேண்டும், டைமரும் ஓட வேண்டும். நாடா இல்லாமல் சாய்வைச் சரிபார்த்தால், பிறகு நாடா டைமருக்குள் உரசும் உராய்வு கணக்கில் வராமலே போய்விடும். லேசாகத் தட்டிவிடுங்கள். புள்ளிகள் போகப்போக நெருங்கினால் சாய்வு போதாது, விலகினால் அதிகம். முனைக்கு அடியில் அட்டையை ஒவ்வொன்றாகச் செருகியோ உருவியோ சம இடைவெளிக்குக் கொண்டுவரலாம்.

புள்ளியே விழவில்லையா? கார்பன் வட்டின் மைப்பக்கம் நாடாவைப் பார்த்திருக்கிறதா என்று பாருங்கள். தகடு அதிரவே இல்லையென்றால், பவர் பேக்கில் ஏசிக்குப் பதிலாக டிசி முனையில் கம்பியைச் செருகியிருப்பார்கள்.

இன்னொரு வாத்தியார்:
லாஜு (வேகம்), ஹலாஜு (திசைவேகம்) என்று மலாய்ப் பெயர்கள் ஒட்டிக்கொண்டே வருவதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். தோட்டத்துக் கணக்கே போடுங்கள். லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) செம்பனை ஆலைக்குச் செம்மண் பாதை 3 கி.மீ. சுற்றுகிறது, நேர்க்கோட்டில் கிழக்கே 1.8 கி.மீ. மோட்டார் சைக்கிள் 6 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால் சராசரி லாஜு மணிக்கு 30 கி.மீ.; சராசரி ஹலாஜு கிழக்கு நோக்கி மணிக்கு 18 கி.மீ. அதே வண்டி லயத்துக்கே திரும்பிவிட்டால் முழுப் பயணத்துக்கும் சராசரி ஹலாஜு சுழியம்.