வாட்டர்கலரில் மூடுபனி வெள்ளையடித்த சுவர் மாதிரி வருகிறது, ஏன்?

ஈரத்தாள்:
மூன்று வாரமாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டுகிறேன். மூடுபனிக்குள் பைன் மரங்கள், அவ்வளவுதான். மரங்களை எல்லாம் ஒழுங்காக வரைந்து முடித்து, அதன்மேல் வெள்ளை கௌவாஷை (அடியில் இருப்பதை மறைக்கும் நீர்வண்ணம்) தண்ணீராகக் கரைத்து இழுத்தால் சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடுகிறது. அந்தக் குளிர், அந்தத் தனிமை எதுவுமே வரவில்லை. எங்கே தப்பு?

கரிக்கோல்:
பனியை வரையப் போனதுதான் தப்பு. ஜப்பானிய ஓவியர் ஹசேகவா தோஹாகுவின் பைன் மரத் திரைகளை நெட்டில் பெரிதாக்கிப் பாருங்கள் (16-ஆம் நூற்றாண்டுக் கடைசி, டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது). ஆறு மடிப்புத் திரைகள் இரண்டு, வெறும் கறுப்பு மை, பனிக்கென்று ஒரு கோடுகூடக் கிடையாது; முன்னால் நிற்கும் மரத்துக்கு அடர்த்தியான மை, அதுவும் கிட்டத்தில் பார்த்தால் கோபத்தில் கிறுக்கியது மாதிரி இருக்கும், பின்னால் நிற்பதற்கு பிரஷ் கழுவிய தண்ணீர் போல ஒரு சாயல், மிச்சமெல்லாம் சும்மா விட்ட தாள். அந்தச் சும்மா விட்ட இடம்தான் பனி. நீங்கள் எல்லா மரத்தையும் ஒரே கறுப்பில் முடித்திருப்பீர்கள், அப்புறம் மேலே எதைப் பூசினாலும் பூச்சாகத்தான் தெரியும்.

மைத்துளி:
300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமான காட்டன் தாளா? நன்றாக நனைத்து, மினுமினுப்பு அடங்கியதும் தூரத்து மரங்களை வெளிறிய சாம்பலில் போடுங்கள், அடிமரத்தை ஈரபிரஷால் கரைத்துவிடுங்கள், மரம் தரையைத் தொடவே கூடாது. முழுசாகக் காய்ந்தபின் அடுத்த வரிசை. அவசரப்பட்டுப் பாதி ஈரத்தில் தண்ணீர் பட்டால் காலிஃப்ளவர் மாதிரி கறை பூக்கும். நாலு தாள் அப்படியே போனது எனக்கு.

பூனைமுடி:
வெள்ளையே கூடாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆங்கில ஓவியர் டர்னரின் 'மழை, நீராவி, வேகம்' (1844) படத்தில் வெளிர் வண்ணத்தைக் கனமாக அப்பியிருக்கிறார், ஆனால் அது எண்ணெய் வண்ணம், அது தாங்கும். அதில் பார்க்க வேண்டியது ரயிலின் கறுப்புப் புகைபோக்கியை. அந்த ஒன்று கூர்மையாக இருப்பதால்தான் மற்றதெல்லாம் மழையாகத் தெரிகிறது. எல்லாமே மங்கலாக இருந்தால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்த மாதிரிதான் இருக்கும்.

ஈரத்தாள்:
படத்தை போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். முன்மரம், பின்மரம் எல்லாம் ஒரே டோன்! புதுத் தாள் நனைத்தாயிற்று. சீக்கிரம் காயக் கூடாதென்று ஃபேனை அணைத்துவிட்டு, வியர்த்துக்கொண்டே குளிரை வரைகிறேன்.