பஸ் இருக்கையை என்விடிஏ-வில் தேர்ந்தெடுப்பது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். எனக்குப் பார்வை இல்லை. விண்டோஸ் கணினியில் என்விடிஏ திரைவாசிப்பானும் ஃபயர்பாக்ஸும் பயன்படுத்துகிறேன். ஒரு தனியார் பஸ் முன்பதிவுத் தளத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஊர், தேதி எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. இருக்கைப் படம் வந்ததும் என்விடிஏ "கிளிக்கபிள், கிளிக்கபிள்" என்று நாற்பது தடவை சொல்கிறது, அவ்வளவுதான். எண் இல்லை. ஜன்னலோரமா, மேல் பெர்த்தா, ஏற்கெனவே விற்றதா, எதுவும் தெரியவில்லை. நிறத்தில்தான் காட்டுகிறார்களாம், தம்பி பார்த்துச் சொன்னான். அடுத்த பட்டனுக்குத் தாவ உதவும் பி விசையை அழுத்தினால் ஒரு பட்டனிலும் நிற்பதில்லை. இன்சர்ட்டுடன் எஃப்7 தட்டினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள், பட்டன்களின் பட்டியல் வரும், அதிலும் இருக்கைகள் இல்லை. பட்டன் என்ற அடையாளமே இல்லாத வெறும் டிவ் (div) பெட்டிகளை வைத்துக் கட்டியிருப்பார்கள் போல. போன மாதம் குத்துமதிப்பாக என்டர் தட்டி மேல் பெர்த் வாங்கிவிட்டேன். முழங்கால் வலியோடு அதில் ஏறிய கதை தனி.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்க சார்" என்கிறார்கள். அப்புறம் திரைவாசிப்பான் எதற்கு?

இந்த மாதிரிப் படத்தை யாராவது விசைப்பலகையிலேயே கடந்திருக்கிறீர்களா? இணைய நிரல் எழுதுபவர்கள் இருந்தால், அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுத உதவுங்கள். ஒவ்வொரு இருக்கையும் உண்மையான பட்டனாக இருக்க வேண்டும், இருக்கை எண்ணும், விற்றதா இல்லையா என்ற நிலையும் ஏரியா-லேபிளில் (aria-label, திரைவாசிப்பான் படிப்பதற்காக நிரலில் எழுதும் பெயர்) வர வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த வகைசெய்யும் டபிள்யூசிஏஜி (WCAG) வழிகாட்டியின் 1.4.1 விதி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் குறிப்பிடலாம். ஆனால் திருத்திய நிரல் மாதிரி ஒன்றை இணைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று தோன்றுகிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகணும். அதற்குள் வழி தெரிந்தால் நல்லது.