முழங்கையைக் கொடுங்கள்: 'கண்டனூர் வளவு' என்ற எங்கள் குடும்பத்தின் போன் குழுவில் பேசியது

ஞாயிற்றுக்கிழமை

பழனியப்பன் (காரைக்குடி), காலை 7:10
எல்லாருக்கும் வணக்கம். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நல்லபடியாக முடிந்தது, சந்தோஷம். ஒரு விஷயம் அன்றைக்கே பேச நினைத்தேன், கூட்டத்தில் முடியவில்லை. நம் லெட்சுமணன் மகள் நாச்சிக்குப் பார்வை குறைந்துகொண்டே வருவது எல்லாருக்கும் தெரியும். அவளை வெளியூர்ப் பயிற்சி மையத்துக்கு அனுப்பி, விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் எழுத்தும், வெள்ளைக் கோல் பிடித்து நடக்கவும் பழக்க வேண்டும் என்கிறாள் உமையா. அதைவிட ஏழு வீடும் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டு அவள் பேரில் வங்கியில் டெபாசிட் செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வட்டி வந்தால் பிள்ளை யாரிடமும் கை நீட்ட வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும். லெட்சுமணா, நீ என்ன சொல்கிறாய்?

மெய்யம்மை (கண்டனூர்), 7:31
அயித்தான் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் மனசுக்கு என்ன சொல்வது. அவள் என் பக்கத்தில் இருந்தால் எனக்குப் போதும். படைப்பு அன்றைக்குப் பட்டாலைக் கூடத்திலிருந்து நடுமுற்ற வளவில் இறங்கும்போது விழுந்தாளே, அதிலிருந்து அடுப்படிக்கே விடுவதில்லை. கையைப் பிடித்து நான்தான் கூட்டிப் போகிறேன், கூட்டி வருகிறேன்.

விசாலாட்சி (தேவகோட்டை), 7:44
மெய்யம்மை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அன்றைக்கு முகப்பில் உட்கார்ந்து போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சின்ன எழுத்து தெரிகிறது, இவ்வளவு பெரிய படி தெரியாதா என்று பெண்டுகள் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உமையாள் (மதுரை), 8:05
ஆச்சி, கேட்டது நல்லதாகப் போயிற்று. பதினெட்டு வருடம் சிறப்பாசிரியராக இருக்கிறேன், இதே காரணத்தைச் சொல்லிப் பிள்ளை நடிக்கிறது என்று முடிவு கட்டிய பெரியவர்களைப் பள்ளிக்குப் பள்ளி பார்த்திருக்கிறேன். நாச்சிக்கு இருப்பது ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா. மங்கிய வெளிச்சத்திலும் ஓரங்களிலும் பார்க்க உதவும் விழித்திரை செல்கள்தான் இதில் முதலில் அழியும். அதனால் முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கும், நடுப்பார்வை மட்டும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். சின்ன வயதில் பப்பாளிக் காம்பை வெட்டி ஊதி விளையாடுவோமே, அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். எதிரே பிடித்த எழுத்து தெரியும், காலடியில் இருக்கும் படி தெரியாது, பக்கத்தில் இருக்கிற அண்டா தெரியாது. வளவு வெயிலிலிருந்து பட்டாலை நிழலுக்குள் வந்தால் அவள் கண் பழகவே நேரமாகும்.

விசாலாட்சி (தேவகோட்டை), 8:12
அடக் கடவுளே. இது தெரியாமல் நானும் வாயைத் திறந்து ஒன்று சொல்லிவிட்டேன் பிள்ளையிடம். மன்னித்துக்கொள் நாச்சி.

மெய்யம்மை (கண்டனூர்), 8:20
உமையா, சொந்தத்தில் கட்டியதால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றையிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

உமையாள் (மதுரை), 8:29
அண்ணமிண்டி, சொந்தத்தில் கட்டினால் இரண்டு பேரிடமும் ஒரே குறைபாட்டு மரபணு மறைந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். உங்கள் இரண்டு பேருக்கும் அது தெரிய வழியே இல்லை. உங்கள் மேல் குற்றம் எதுவும் கிடையாது. தம்பிக்கும் ஒருதடவை விழித்திரைப் பரிசோதனை செய்துவிடுங்கள், மாலையில் பந்து தெரியவில்லை என்று அவன் சொல்கிறானா என்று கவனியுங்கள். இங்கே மதுரைக்கே கூட்டி வாருங்கள், நான் கூட வருகிறேன்.

அண்ணாமலை (சிங்கப்பூர்), 8:41
அயித்தை, நாச்சி போனில் டாக்பேக் போட்டால் திரையில் இருப்பதை அதுவே படிக்கும். கம்ப்யூட்டருக்கு என்விடிஏ இருக்கிறது, காசே கிடையாது. ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இரண்டு பேர் 2006இல் தொடங்கிய மென்பொருள், தமிழும் படிக்கும். நானே வீடியோ காலில் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். இதற்கு ஏன் வெளியூர், ஏன் பிரெயில்?

உமையாள் (மதுரை), 9:02
நீ சொல்லிக்கொடு, இன்றைக்கே தொடங்கு. மவுஸ் இல்லாமல் வெறும் விசைப்பலகையில் வேலை செய்ய அவள் பழகட்டும். ஆனால் பிரெயில் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. காதால் மட்டுமே படிக்கிற பிள்ளைக்கு எழுத்து பிடிபடாது. 'ந'வும் 'ன'வும் காதுக்கு ஒன்றுதான், நம் பேச்சில் 'ர'வும் 'ற'வும் ஒன்றுதான். பத்தாவது வரை காதால் மட்டுமே படித்த ஒரு பையன் கட்டுரை முழுக்கப் 'பறவை'யைப் 'பரவை' என்று தட்டியிருந்தான். எவ்வளவு அறிவுள்ள பிள்ளை தெரியுமா, மதிப்பெண் போயிற்று. பிரெயில் ஒன்றும் மலை இல்லை. ஆறு புள்ளி, அவ்வளவுதான். 'அ'வுக்கு இடப்பக்கம் மேலே ஒரே ஒரு புள்ளி. பலகையில் தாளைச் செருகி எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்துக்கொண்டு இடமிருந்து வலமாக விரலுக்குக் கிடைக்கும். கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே விரலைப் பழக்கிவிட்டால் பின்னால் தவிக்க மாட்டாள்.

பெரியண்ணனுக்கு இப்போது சொல்கிறேன். உங்கள் மனசு பெரிது, அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு வயதுதான் ஆகிறது. வீட்டோடு இருக்கட்டும் என்றால் இன்னும் அறுபது வருடம். அவ்வளவு காலமும் ஒரு அறைக்குள் இருக்க வட்டி மட்டும் எப்படிப் போதும் அண்ணே? முதலில் தனியாக நடக்கக் கற்கட்டும், படிக்கட்டும், அப்புறம் சம்பாதிக்கட்டும். டெபாசிட் அதற்குப் பிறகு.

லெட்சுமணன் (கண்டனூர்), 9:26
நான் ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் அவளை பி.காம் சேர்க்க ஒரு கல்லூரிக்குக் கூட்டிப் போனேன். மதிப்பெண் எல்லாம் பார்த்து நன்றாகத்தான் பேசினார்கள். கண் விஷயம் சொன்னதும், படிகள் நிறைய இருக்கின்றன, விழுந்தால் யார் பொறுப்பு, வீட்டிலிருந்தே படிக்கட்டுமே என்றார்கள். அவள் பக்கத்தில்தான் நின்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்து எங்கேயும் கேட்கவே கால் வரவில்லை. உமையா சொல்லும் இடமெல்லாம் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்குத்தானே, இவளைப் போல் நடுவில் போகிறவர்களைச் சேர்ப்பார்களா?

உமையாள் (மதுரை), 9:50
அண்ணே, இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி அரசு கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு இருக்கிறது. அரசு வேலையில் 4 சதவீதம், அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும். சான்றிதழில் குறைந்தது 40 சதவீதம் குறைபாடு என்று இருக்க வேண்டும். முதல் வேலையாகச் சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள், எல்லாக் கதவும் அதைக் கேட்டுத்தான் திறக்கும். தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவர் கிடைப்பார், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு.

நடுவில் பார்வை போனவர்கள் விஷயம். டேராடூனில் இருக்கிற, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் தொடங்கியதே அவர்களுக்காகத்தான். இரண்டாம் உலகப் போரில் கண் இழந்த சிப்பாய்களுக்காக 1943இல் ஒரு விடுதி, அதிலிருந்து வளர்ந்தது. அதன் மண்டல மையம் பூந்தமல்லியில் இருக்கிறது. நமக்குப் பக்கம் என்றால் மதுரை சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம், 1985இல் தொடங்கியது. தொடங்கிய எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்களே பார்வையற்றவர். இரண்டு இடத்திலும் கேட்போம், நாச்சியின் மருத்துவ அறிக்கையை எடுத்து வையுங்கள்.

பழனியப்பன் (காரைக்குடி), 10:08
உமையா, படிப்பு சரி. கடைசியில் என்ன வேலை கிடைக்கும்? மெழுகுவத்தி, நாற்காலி பின்னல் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

உமையாள் (மதுரை), 10:21
அந்தக் காலத்தில் அதுதான் கற்றுக்கொடுத்தார்கள், இன்றைக்கும் சில இடத்தில் இருக்கிறது, அதில் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். இப்போது வங்கி, ஆசிரியர் வேலை, பிசியோதெரபி, கம்ப்யூட்டர் வேலை என்று போகிறார்கள். நம் மதுரைப் பெண் பூர்ண சுந்தரி, ஐந்து வயதில் பார்வை போனது, 2019 குடிமைப்பணித் தேர்வில் 286வது இடம். சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன் 2015இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார், முழுதும் பார்வை இல்லாதவர்களில் அவர்தான் முதல். எல்லாரும் அப்படி ஆவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் படித்த ஒருத்தி சின்ன ஊரில் வங்கிக் கிளையில் எழுத்தராக இருக்கிறாள், தினம் பஸ்ஸில் போகிறாள், வருகிறாள், போன தீபாவளிக்கு அவள் அம்மாவுக்கு அவள்தான் புடவை எடுத்தாள். எனக்கு நாச்சி விஷயத்தில் அதுவே நிறைவு.

அப்புறம் எல்லாரும் இன்றைக்கே மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள். முழங்கைக்குச் சற்று மேலே அவள் பிடித்துக்கொண்டு அரை எட்டு பின்னால் வருவாள். நீங்கள் படி இறங்கினால் உங்கள் உடம்பு இறங்குவது அவள் கைக்குத் தெரிந்துவிடும், யாரும் வாயைத் திறக்கவே வேண்டாம். கையை நாம் பிடித்தால் அடுத்த அடி எங்கே என்று அவளுக்குத் தெரியாது, பயத்தில்தான் கால் பின்னும்.

நாச்சம்மை, 10:47
அயித்தை, இது நான் குரலில் சொல்லித் தட்டெழுத்தானது, பிழை இருக்கும். எல்லாவற்றையும் டாக்பேக்கில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். விசாலாட்சி அயித்தை, பரவாயில்லை. நானே போன வருடம் வரை எனக்குக் கவனம் போதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பெரியப்பச்சி, என் பேரில் பணம் போட வேண்டும் என்று நினைத்தீர்களே, அதற்கு நன்றி. ஆனால் எனக்குப் போக வேண்டும். கோல் பிடித்து நடந்தால் ஊரில் பார்ப்பார்களே என்றுதான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை.

ராத்திரி எல்லாரும் தூங்கியதும் நானாகப் பழகுகிறேன். முகப்பிலிருந்து உள்ளே வந்தால் காலுக்கு ஆத்தங்குடிக் கல் வழுவழுவென்று ஜில்லென்று இருக்கும், அது முடிந்து சொரசொரப்பான கல் விளிம்பு வந்தால் வளவில் இறங்கும் படி. தூணை எண்ணிக்கொண்டு போனால் ஏழாவது தூணுக்கு எதிரே இரண்டாம் கட்டுக் கதவு. அன்றைக்கு விழுந்தது கூட்டம் இருந்ததால், தூண் மேலெல்லாம் ஆள் சாய்ந்திருந்தார்கள்.

ஆத்தா, அடுப்படிக்கு என்னை விடு. தேன்குழல் நான் பிழிந்தால் ஒன்றும் ஆகாது. எண்ணெயில் சலசலப்பு அடங்கினால் எடுக்க வேண்டும் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய், அதற்குக் கண் எதற்கு?

மெய்யம்மை (கண்டனூர்), 11:03
சரி. நாளைக்கு மணகோலம் பலகார ஆர்டர் இருக்கிறது, வா. நான் பக்கத்தில் நிற்பேன், கையைப் பிடிக்க மாட்டேன்.

உமையாள் (மதுரை), 11:10
பக்கத்தில் நில்லுங்கள் அண்ணமிண்டி, அது போதும். வாணலிக் கைப்பிடி எப்போதும் ஒரே பக்கம் இருக்கட்டும், எண்ணெய்த் தூக்கும், கரண்டியும் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். நாச்சி, கோல் பிடிப்பதற்கும் முறை உண்டு. வலது கால் முன்னே போகும்போது கோல் இடப்பக்கம் தட்ட வேண்டும், அடுத்த கால் விழும் இடத்தை அது முன்கூட்டியே பார்த்துவிடும். கண்ணைக் கட்டிவிட்டுக்கூடச் சொல்லிக்கொடுப்பார்கள், பயப்படாதே. உன் ஆத்தங்குடிக் கல் கணக்கு அங்கே சொல், ஆசிரியருக்குப் பிடிக்கும்.

பழனியப்பன் (காரைக்குடி), 11:24
சரி, நான் பழைய ஆள், தெரியாமல் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சிவகங்கைக்கு நானே காரில் கூட்டிப் போகிறேன், லெட்சுமணா அறிக்கை, ஆதார், நாலு போட்டோ எடுத்து வை. புதன்கிழமை உமையா வீட்டுக்கு மதுரை. முதல் ஆறு மாதம் விடுதிச் செலவு, சாப்பாடு, கோல், பலகை எல்லாம் என் பொறுப்பு, மீதி வீடுகள் லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணாமலை (சிங்கப்பூர்), 11:27
லேப்டாப் நான் வாங்கி என்விடிஏ போட்டே அனுப்புகிறேன் அப்பச்சி. நாச்சி, இன்று மாலை 6 மணிக்குக் கால் செய்கிறேன், ஹெட்போன் எடுத்து வை.

நாச்சம்மை, 11:35
வைக்கிறேன் அண்ணே. பெரியப்பச்சி, செவ்வாய்க்கிழமை வரும்போது முழங்கையைக் கொடுங்கள். அப்பச்சி, பட்டாலையில் ஊஞ்சல் பக்கம் யாரோ பெஞ்சை நகர்த்திப் போட்டிருக்கிறார்கள், நேற்று இடித்துக்கொண்டேன், பழைய இடத்தில் போடச் சொல்லுங்கள்.

லெட்சுமணன் (கண்டனூர்), 11:36
போட்டுவிட்டேன்.